கூடுதலாகத் தொட்ட வேர் பவுடர்

பத்தாம் நாள் காலை பாலிதீன் மூடியைத் தூக்கினேன். நான் போட்டிருந்த பன்னிரண்டு செம்பருத்திக் கட்டிங்கும் அடியில் கறுத்திருந்தன. எட்டு சாய்ந்தேவிட்டன. தாய்ச்செடி நின்ற இடத்தில் ஜேசிபி புகுந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. இன்னொரு கிளை வெட்டி வர வழியில்லை.

செடி குரோம்பேட்டை ஸ்டெல்லா அக்கா வீட்டுடையது. வெளிர் மஞ்சள் அடுக்குப் பூ, நடுவில் சிவப்பு. பழைய வீட்டை ஃபிளாட் கட்டக் கொடுத்திருந்தார்கள். பக்கவாதம் வந்தபின் அவர் கணவருக்குப் பேச்சு அநேகமாக நின்றுவிட்டது. காலையில் செடியைப் பார்த்து எத்தனை பூ என்று சொல்வது மட்டும் நிற்கவில்லை.

"வீடு போனா போகட்டும். இந்தச் செடி எனக்கு வேணும்மா. அவர் வாயத் தொறக்கறதே அதுக்காகத்தான்" என்றிருந்தார் அக்கா. வேரோடு பெயர்த்தால் பிழைக்காத பழைய செடி என்பதால், இடிப்பதற்கு முன் கிளைகளை வெட்டி வந்து நட்டிருந்தேன்.

வண்டலூர்ப் பக்கம் ஒரு நர்சரியில் பதினெட்டு வருடமாகக் கட்டிங் போடுகிறேன். வெட்டிய தண்டின் அடியைத் தொட்டு நட்டால் வேர் விட வைக்கும் பவுடர் இரண்டு டப்பா உண்டு. இளந்தண்டுக்கு மைல்டு, முற்றிய தண்டுக்கு ஸ்ட்ராங். மாற்றித் தொடாதே, இளந்தண்டு வெந்துவிடும், தொட்டதும் தட்டி உதறு என்று புதிதாக வருகிறவர்களிடம் தொண்டை வறளச் சொல்வேன். இந்தக் கட்டிங் போட்ட அன்றைக்கு எனக்கே புத்தி போயிற்று. முக்கியமான செடியாச்சே, சீக்கிரம் வேர் விடட்டும் என்று இளந்தண்டுகளை ஸ்ட்ராங்கில் அழுத்தித் தொட்டேன். உதறவும் இல்லை.

எங்களிடம் வேறொரு மஞ்சள் செம்பருத்தி இருந்தது. அதைக் கொடுத்துச் சமாளிக்கலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. வெட்கமாகிவிட்டது. போன் செய்து நடந்ததைச் சொன்னேன். அக்கா சொன்னது இதுதான்.

"உசிரோட இருக்கறதப் பாரும்மா. போனதப் பத்தி அப்புறம் பேசலாம்."

சாயாத நான்கில் மேல்பக்கம் பச்சை இருந்தது. கறுத்ததை வெட்டி எறிந்து, மைல்டில் லேசாகத் தொட்டு, நன்றாக உதறி, புதுத் தேங்காய் நார்த்தூள் நிரப்பிய பிளாஸ்டிக் கவர்களில் வைத்தேன். தினமும் இழுத்துப் பார்க்கக் கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். மூன்று போய்விட்டன. ஆறாவது வாரம் நான்காவது கவரின் ஓரத்தில் வெள்ளை வேர் தெரிந்தபோது, எல்லார் முன்னாலும் அழுதேன்.

தொட்டி மாற்றித் தேற்றி, அவர்களுடைய சேலையூர் வாடகை வீட்டு பால்கனியில் வைத்துவிட்டு வந்தேன். சில மாதம் கழித்து ஒரு காலையில் அக்கா நம்பரிலிருந்து போன் வந்தது. எடுத்தால் அவர் குரல் இல்லை. ஒரு ஆணின் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு மெதுவாக,

"ஒண்ணு" என்றார்.

ஸ்ட்ராங் டப்பா இப்போது மேல் அலமாரியில் இருக்கிறது. ஸ்டூல் போட்டு ஏறினால்தான் எட்டும். ஏறுவதற்குள் எனக்குப் புத்தி வந்துவிடும்.