பச்சையை நான் அழிக்கவில்லை

படங்களை மாற்றி முடித்த பிறகும் மூலத்தை எதற்கு வைத்திருக்கிறீர்கள், இடத்தைத்தானே அடைக்கிறது என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். நான் ஒப்புக்கொண்டதாக நினைத்துக்கொள்வார்கள். ஒப்புக்கொள்ளவில்லை. எழுதும்போது எனக்குக் கூச்சம் வருவதில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

ஓ.எல். பரீட்சையில் கணக்கில் தவறிய பிறகு, தொண்ணூறுகளின் நடுவில், ஹட்டன் பஜாரில் ஒரு ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தேன். டிக்கோயாப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வீடு. காலை பஸ்ஸில் வருவேன். ஆட்களோடு பேச நான் திணறுவதைப் பார்த்த முதலாளி, நெகட்டிவ்களை என் பொறுப்பில் விட்டார். படச்சுருளைத் துண்டு துண்டாக வெட்டி உறையில் போட்டு, நம்பர் எழுதி, அலுமாரியில் அடுக்க வேண்டும். உறையின் மேல் 'நெகட்டிவ் பத்திரமாக வைக்கப்படும்' என்று அச்சடித்திருந்தது. அந்த வரியில் முதலாளிக்குப் பெருமை. எத்தனை வருடம் கழித்து வந்து கேட்டாலும், நம்பரைச் சொன்னால் எடுத்துக் கொடுத்துவிடுவோம்.

பிறகு கம்பியூட்டர் வந்தது. டிஜிட்டல் கமராவும் வந்தது. அலுமாரிப் பெண்ணாக இருந்த நான் கம்பியூட்டர் பெண்ணானேன். கடையில் கமரா பிடிக்கிற அண்ணன் கல்யாணப் படங்களை 'ரோ' என்ற வகையில் எடுத்து வருவார். கமரா கண்டதைக் கண்டபடியே வைத்திருக்கும் பைல் அது. ஆனால் அப்படியே பிரிண்ட் போட முடியாது. நான்தான் திறந்து, வெளிச்சம் பார்த்து, நிறம் பார்த்து, ஜேபெக்காக மாற்ற வேண்டும். ரோ என்றால் பச்சை என்று அர்த்தமாம். அதனால் எங்கள் கடையில் அதற்குப் பச்சை என்றே பெயர். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஃபேக்டரிக்குப் போய்த் தூளாகி வந்ததை மறுபடி பச்சைக் கொழுந்தாக்க முடியாது. அதைத் தோட்டத்தில் பிறந்த எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மாற்றும்போதே முகத்தை வெள்ளையாக்கிவிட வேண்டும் என்பது கடையின் சட்டம். பொண்ணு, மாப்பிள்ளை, பந்தியில் சோறு போடுகிறவர் எல்லாரும் வெள்ளை. என் நிறமும் கறுப்புத்தான். கறுப்பு முகங்களை நாள் முழுக்கக் கழுவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதை நான் மறைக்கப் போவதில்லை.

அல்பம் கொடுத்ததும் பச்சையை அழித்துவிட வேண்டும் என்பது இன்னொரு சட்டம். ஹார்ட் டிஸ்க்கில் இடமில்லை. அழிக்கப் போனால் கம்பியூட்டர், நிச்சயமா என்று கேட்கும். ஒவ்வொரு தடவையும் கேட்கும். எனக்கு ஒரு தடவைகூட நிச்சயமாக இருந்ததில்லை. அதனால் சாப்பாட்டு நேரத்தில் டிவிடியில் ஒரு பிரதி எடுத்துவிட்டுத்தான் அழிப்பேன். டிவிடியை என் காசில் வாங்கி, யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குக் கொண்டுபோவேன். பிஸ்கட் தகரத்தில் அடுக்கி, ஈரத்தை இழுக்கட்டும் என்று துணியில் முடிந்த அரிசியையும் உள்ளே வைப்பேன்.

இரண்டாயிரத்து ஏழோ எட்டோ, ஒரு புதுப் பெண் தன் அல்பத்தை எடுத்துக்கொண்டு கடைக்குத் திரும்பி வந்தாள். கொழுந்து பறிக்கிற பிள்ளை. கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் புருஷனும் கூடவே வந்திருந்தான். அவள் நேராக முதலாளியிடம் போகாமல் என் மேசைக்கு வந்தாள். தாம்பூலத் தட்டை ஏந்தி நிற்கும் படத்தை விரித்து வைத்தாள்.

"அக்கா, இந்தக் கை என்னோடது. தேசிக்காய் போட்டுத் தேய்ச்சும் போகாத கொழுந்துக் கறை, வெரல்ல இருக்கு பாருங்க. மூஞ்சி யாரோடது?"

முகத்தை வெள்ளையாக்கிய நான் கையை விட்டுவிட்டேன். விரல் விரலாகச் செய்ய நேரமில்லை, அவ்வளவுதான். கறுத்த இரண்டு கைகளுக்கு மேலே எங்கேயோ வேறு ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள்.

புருஷன்காரன் எட்டிப் பார்த்து, "நா கட்டுனது இந்தக் கைக்காரியத்தாங்க. மேல இருக்கவங்க யாருன்னு எனக்குத் தெரியாது" என்றான். அவள் அவனை முழங்கையால் இடித்தாள், ஆனால் சிரிக்கவில்லை.

முதலாளி எழுந்து வந்தார். எல்லாரும் வெள்ளையாக்கித் தரச் சொல்லித்தான் கேட்கிறார்கள், உங்களுக்கு மட்டும் என்ன என்றார். அவள் அசையவில்லை. அவர் கொஞ்சம் இறங்கி வந்து, கைதானே பிரச்சினை, கையையும் வெள்ளையாக்கித் தரச் சொல்கிறேன் என்றார்.

"அப்ப கையும் போயிடுமே, மொதலாளி" என்றாள் அவள்.

அவர் இரண்டு கைகளையும் விரித்தார். பச்சை இருந்தால் மாற்றித் தரலாம், அதைத்தான் அழித்தாயிற்றே என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "அழிச்சாச்சுதானே, பிள்ள?"

ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். அவள் அந்த வெள்ளை முகத்தோடு போய்விடுவாள், என் தகரம் யாருக்கும் தெரியாமல் இருக்கும், வேலையும் இருக்கும். தலையாட்டுவது எனக்குக் கைவந்த வேலை. ஆனால் அவள் விரல் அந்தப் பக்கத்தின் மேலேயே இருந்தது.

"கடையில அழிச்சிட்டேன். வீட்ல வச்சிருக்கேன், மொதலாளி."

என் குரல் எனக்கே கேட்டதா என்று தெரியவில்லை. அவருக்குக் கேட்டது. அவர்கள் முன்னால் ஒன்றும் சொல்லாமல், அடுத்த வாரம் வரச் சொல்லி அனுப்பினார். அதன் பிறகுதான் பேச்சு விழுந்தது. யாரைக் கேட்டு எடுத்துப் போனாய், கடைப் பொருளை வீட்டில் வைப்பதற்குப் பெயர் என்ன என்று கேட்டார். அதில் நியாயம் இருந்தது. நான் தலை குனிந்து கேட்டுக்கொண்டேன். ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை.

மறுநாள் டிவிடியைக் கொண்டுவந்து கம்பியூட்டரில் ஏற்றினேன். படம் படமாகத் திறந்து, வெளிச்சத்தை மட்டும் சரிசெய்து மாற்றினேன். அவள் மூக்கின் பக்கத்தில் சின்ன வெட்டுக் காயத் தழும்பு ஒன்று இருந்தது. முதல் தடவை அதை நான்தான் துடைத்திருக்கிறேன், நினைவே இல்லை. புது அல்பத்தை வாங்க வந்தவள் தாம்பூலப் படத்தைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். "இப்பத்தான் கைக்கு ஆளு வந்திருக்கு" என்று புருஷனிடம் சொன்னாள். அவன் எனக்குக் கும்பிடு போட்டான்.

அவர்கள் படியிறங்கியதும் முதலாளி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். வேலை முடிந்தது, என் கண் முன்னால் பச்சையை அழி, வீட்டில் இருப்பதையும் கொண்டுவந்து உடைத்துப் போடு என்றார். நான் அலுமாரியிலிருந்து பழைய உறை ஒன்றை எடுத்து மேசையில் வைத்தேன். அச்சடித்த வரி அவர் பக்கம் இருந்தது. அவர் அதைப் படிக்காமல் இருக்க முடியாது.

"அது வேற காலம்" என்றார்.

பச்சையைத் தேர்ந்து அழிக்கும் பொத்தானை அழுத்தினேன். வழக்கமான பெட்டி திரையில் வந்தது. முதலாளிக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது.

"என்ன கேக்குது அது?"

"நிச்சயமான்னு கேக்குது."

"ஆமான்னு சொல்லு."

பெட்டியில் இரண்டு பொத்தான்கள் இருந்தன. இத்தனை வருடமும் நான் இடது பக்கத்தைத்தான் அழுத்தி வந்தேன். அன்றைக்கு வலது பக்கத்தை அழுத்தினேன். பெட்டி மறைந்தது. பச்சை இருந்த இடத்திலேயே இருந்தது.

"இல்லன்னு சொல்லிட்டேன், மொதலாளி."

 அவர் உறையை எடுத்து, அதன் நம்பரைப் பார்த்து, அலுமாரியில் அது இருந்த இடத்திலேயே செருகிவிட்டு, தன் மேசைக்குப் போனார்.