மச்சான் சுற்றிவிட்ட இடத்தோள்

பதின்மூன்று பேர் ஆடும் ரக்பியில் முன்வரிசைக்காரனுக்கு மூளை தேவையில்லை, கழுத்து இருந்தால் போதும் என்பார்கள். சொல்கிறவன் ஒருநாள் வந்து நின்று பார்க்கட்டும். பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சுவர் மாதிரி நிற்பவர்கள் மேல் போய் மோத வேண்டும். விழுந்து எழும்பி, அவர்கள் ஓடிவரும்போது தோளைக் கொடுத்து விழுத்த வேண்டும். பிரான்சின் தெற்கே ஒரு சின்ன ஊர்க் கழகத்தில் அதுதான் எனக்குச் சோறு போட்ட வேலை. பாரிசில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் புடவைக் கடை வைத்திருந்த அம்மாவுக்கு அது கடைசிவரை பிடிக்கவில்லை. "மாடு மாதிரி முட்டுறதுக்கோ உன்னைப் படிப்பிச்சனான்?" என்பார்.

அந்தக் கழகத்தில் இன்னொரு தமிழனும் இருந்தான். லா சப்பலில் எங்கள் பக்கத்துத் தெருவில் வளர்ந்தவன். மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். எதிராளியின் எந்தப் பக்கம் பலவீனம் என்று கண்டால், மைதானத்தில் "இடக்கை!" அல்லது "சோத்துக்கை!" என்று தமிழிலேயே கத்துவோம். எதிரணிக்கு ஒரு மண்ணும் விளங்காது.

என் இடத்தோள் கழன்று கழன்று விழத் தொடங்கியதும் அங்கேதான். கழகத்துக்குத் தெரிந்தால் அடுத்த வருட ஒப்பந்தம் கிடையாது. வயது ஏறிய முன்வரிசைக்காரனை வேறு யார் எடுப்பார்கள்? அவனிடம் மட்டும் சொன்னேன். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னர் கழிப்பறைக் கதவைப் பூட்டிவிட்டு, தோளை இழுத்துவைத்துப் பிளாஸ்டர் சுற்றிவிடுவான். "மூச்சை இழு மச்சான், இறுக்கப் போறன்" என்பான். கூடப்பிறந்தவன்கூட இப்படிச் செய்யமாட்டான் என்று நினைத்தேனே, நான் ஒரு மடையன்!

பிறகு அவன் வேறு கழகத்துக்கு மாறினான். அதில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. கட்டிப்பிடித்துத்தான் அனுப்பினேன். அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம் அவர்களோடு வந்தது. இதை ஒழுங்காக ஆடி முடித்தால் புது ஒப்பந்தம் என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் "இடக்கை! இடக்கை!" என்று கேட்டது. தமிழ் காதில் விழுந்ததும் எனக்கு ஒரு சந்தோஷம்கூட வந்தது. பிறகுதான் உறைத்தது. கத்தியது அவன். தன் புதிய அணிக்கும் அந்தச் சொல்லைப் பழக்கியிருக்கிறான். தமிழ் தெரிந்தவன் ஒருவன் எதிரே நிற்கிறான் என்பதை ஆட்டச் சூட்டில் மறந்தேபோனான். பூதம் போன்ற இரண்டு பேர் திசை மாறி என் இடப்பக்கம் ஓடிவந்தார்கள். எப்படியோ விழுத்தினேன். மறுபடியும் அதே சொல், அதே பக்கம். படுபாவி! யாருக்கும் தெரியாத என் தோளை அவர்களுக்குப் பாடமாகவே சொல்லிக்கொடுத்திருக்கிறான். கடைசியில் தோள் கழன்று கை தொங்கியது.

அறுவைச் சிகிச்சை செய்தார்கள். ஒப்பந்தம் போயிற்று, அதோடு ரக்பியும் சரி. இப்போது பாரிசுக்குப் பக்கத்தில் ஆர்ஜொந்தெய்யில் குடும்பத்தோடு இருந்துகொண்டு, லா சப்பல் மளிகைக் கடையொன்றுக்கு வான் ஓட்டுகிறேன்.

போன கோடையில் லா சப்பலின் ரூ து ஃபொபூர் சேன்-தெனித் தெருவில் ஒரு தேத்தண்ணிக் கடையில் ரோல்ஸ் தின்றுகொண்டிருந்தேன். அவன் வந்து முன்னால் உட்கார்ந்தான். அவனும் ஆட்டத்தை விட்டுவிட்டானாம். நன்றாகக் கொழுத்திருந்தான்.

"இன்னும் கோவமோ மச்சான்? வெல்லத்தானே விளையாடுறது."

"நான் ஒண்டும் கேக்கேல்லையே."

"நான் சொல்லாட்டியும் வேறை ஆரும் கண்டுபிடிச்சிருப்பாங்கள்."

"ஓம்," என்றேன். "வேறை ஆரும் கண்டுபிடிச்சிருந்தால் தோள் மட்டும்தான் போயிருக்கும். இப்ப எங்கையும் நோகுதெண்டால் நான் மனுசிக்குக்கூடச் சொல்லுறேல்லை."