பேக்கப்பும் அதே பெட்டிக்குள்

துறைமுகத்துக்குப் பக்கத்தில் நான் வேலை செய்யும் தனியார் மருத்துவமனையில் இன்று காலை கணினிகள் எல்லாம் ஒரேயடியாக நின்றன.

எங்கள் சேர்வர்கள் அத்தனையும் வேர்ச்சுவல் மெஷின்கள், அதாவது மென்பொருளாக மட்டும் ஓடும் கணினிகள். அவற்றின் தரவு முழுவதும் ஒரே ஸ்ரோரேஜ் பெட்டிக்குள். கரண்ட் போய் வந்த பிறகு அந்தப் பெட்டி எழும்பவே இல்லை.

மாடியில் புல்மோட்டையிலிருந்து வந்த அம்மா ஒருவர் சத்திரசிகிச்சைக்குத் தயாராகக் கிடந்தார்.

டொக்டர் போனில் சொன்னார்: “போன கிழமை எடுத்த ஸ்கானைப் பாக்காமல் தொடங்க ஏலாது. கெதியாப் பாருங்கோ.”

என்னோடு வேலை செய்யும் ரிஸானாவிடம் கேட்டேன். “பேக்கப் இருக்குத்தானே?”

“ஓம் அக்கா. அதுவும் இந்தப் பெட்டிக்குள்ளதான்.”

ரிஸானாவே தொடர்ந்தாள்:

“மனம் கேளாமல் நேற்று வேற டிஸ்க்குக்கும் ஒரு கொப்பி எடுத்தனான். திறக்குமோ தெரியாது.”

அந்தக் கொப்பியை இன்னொரு சேர்வரில் ஏற்றினோம். திரை கறுப்பாகவே நின்றது. அவள் உதட்டுக்குள் ஓதினாள். நான் கோணேசர் சாமியைக் கூப்பிட்டேன்.

லொகின் திரை வந்தது. ஸ்கானும் இருந்தது!

சத்திரசிகிச்சை முடிந்து அம்மா இப்போது கண் முழித்துவிட்டார்.

சற்று முன் முகாமையாளர் வந்து, “அப்ப பெட்டிக்குள்ள இருந்த பேக்கப் எதுக்கு?” என்றார்.

உங்கள் ஒபிஸ் பேக்கப் எங்கே இருக்கிறது? போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். இப்படி மாட்டிக்கொண்ட எங்களுக்கும் துணைக்கு ஆள் வேண்டும்.