ஏகாம்பரம் செய்த சிவப்பு

செய்தி வந்தபோது நான் ஆம்பூர் பஜாரில் ஒரு மேட்சிங் கடையில் நின்றிருந்தேன். மகளின் புடவைக்கு ரவிக்கைத் துணி எடுக்க வேண்டும். கடைக்காரர் விரித்துப் போட்ட ஆறு துண்டுகளும் என் கண்ணுக்கு ஒரே நிறம். ஏகாம்பரத்தை வரச்சொல்லிக் காட்டிவிடலாம் என்று போனை எடுத்தேன். எடுத்த கையிலேயே அவன் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது அவன் மனைவி. "அண்ணா, காலைல நெஞ்சு வலிக்குதுன்னாரு. ஆட்டோ வர்றதுக்குள்ள போய்ட்டாரு." துணி வாங்காமலே திரும்பினேன்.

தோல் பதனிடும் நம் ஷாப்பில் அவனோடு வேலை பார்த்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வெளிநாட்டுக்காரர் எந்தச் சாம்பிளை அனுப்பினாலும் அதே நிறத்தைத் தோலில் கொண்டுவந்து நிறுத்துவான். சாயம் ஏறிய தோலை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கு வடக்கே சுவரோரம் போய்விடுவான். ஓரத்தை நாக்கால் நனைத்துப் பார்ப்பான். "டியூப்லைட்டு பொய் சொல்லும்பா, வெயிலும் பொய் சொல்லும். நிழல்ல பாரு" என்பான். நான் பத்தாவதை இரண்டு தவணையில் பாஸ் செய்தவன். கையெழுத்து அழகாக இருந்ததாலும், இங்கிலீஷில் பயப்படாமல் தப்புத் தப்பாகப் பேசியதாலும் சூப்பர்வைசர் ஆனேன். நிறத்தைப் பொறுத்தவரை கத்தரிக்காயையும் பீட்ரூட்டையும் ஒரே நிறமென்று ஜோடி சேர்த்துவிடக்கூடியவன்.

ஆறு வருடத்துக்கு முன்னால் பிரான்ஸிலிருந்து ஓர் அம்மா வந்தார். அவர்களுடையது திராட்சைத் தோட்டமும் அங்கேயே ஒயின் செய்யும் பழைய மாளிகையும். பெயரைச் சொல்ல எனக்கு இன்றுவரை நாக்கு வளையவில்லை. புட்டிகளை வைக்கும் பெட்டிகளுக்குத் தோல் வேண்டும். அந்தத் தோல் அவர்களுடைய ஒயினின் நிறத்திலேயே இருக்க வேண்டும். காகிதத்தில் அச்சடித்த நிறத்தை நம்பாமல் ஒரு புட்டியையே கொண்டுவந்திருந்தார். பதினைந்து வருடம் நிலவறையில் படுத்துக் கிடந்த ஒயினாம்.

ஏகாம்பரம் கேன்டீனிலிருந்து வெள்ளைச் சாசர் ஒன்றை வாங்கிவந்து அதில் ஊற்றிச் சாய்த்துப் பார்த்தான். "நடுவுல ஒரு கலரு, ஓரத்துல ஒரு கலருபா. ஓரம் செங்கல் மாதிரி வருது, பாரு." எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரிந்த மாதிரி தலையாட்டினேன். பிறகு அவன் ஒரு மடக்குக் குடித்தான். முகம் சுளித்தது. "கடுக்கா ஊறல் மாதிரி துவர்க்குது. இதுக்கா இவ்ளோ பேஜாரு?" தோல் பதப்படுத்த அந்தக் காலத்தில் கடுக்காயைத்தான் ஊறவைப்பார்கள். அவன் சொன்னதை நான் பயந்து பயந்து மொழிபெயர்த்தேன். அந்த அம்மா கோபப்படவில்லை. சரியாகத்தான் சொல்கிறார் என்றார். திராட்சைத் தோலிலும் விதையிலும் ஓக் மரப் பீப்பாயிலும் இருந்து அந்தத் துவர்ப்பு வருகிறது, தோலைப் பதமாக்குவதும் அதே சரக்குதான், அதனால்தான் ஒயின் கெடாமல் நிற்கிறது என்றார். தோட்டத்தின் படங்களைக் காட்டினார். மண்ணே இல்லை, ஒரே கூழாங்கல். மழை சதி செய்த வருடத்தில் அந்த ஒயினுக்குத் தங்கள் மாளிகையின் பெயரைப் போடுவதில்லை என்றார். ஏகாம்பரம் அதைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டான்.

பதினொன்றாவது முயற்சியில் நிறம் வந்தது. நடுவில் கருஞ்சிவப்பு, மடித்தால் மடிப்பில் செங்கல். அந்த அம்மா தோலைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். ஒப்புதலான சாம்பிளின் பின்பக்கத்தில் கையெழுத்துப் போடுவது நம் வழக்கம். ஏகாம்பரம் கடைசிவரை காண்ட்ராக்ட் ஆள். எனவே, போடுவது எப்போதும் நான். ஆனால் அன்று அவர், "இதைச் செய்தவர் பெயர் வேண்டும்" என்றார். ஏகாம்பரம் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றிருந்தான். நான் பேனாவைத் திறந்து என் பெயரை, 'வ. தணிகாசலம்' என்று அழகாக எழுதினேன்.

பழக்க தோஷம் என்று இத்தனை வருடம் சொல்லிக்கொண்டேன். அவர் கேட்டது எனக்குப் புரிந்தது. அவ்வளவு இங்கிலீஷ் எனக்கு வரும்.

மறு வருடம் ஒரு படம் வந்தது. பீப்பாய்கள் அடுக்கிய கூடத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் அந்தத் தோல், கீழே என் பெயர். கூடவே என் பெயருக்கு ஒரு புட்டி. என் மகள் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு காலேஜ் முழுக்கக் காட்டினாள். நானும் மீசையைத் தடவிக்கொண்டேன். புட்டியை மட்டும் ஏகாம்பரம் வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

"பேரு உனுக்கு, துவர்ப்பு எனுக்கா?" என்று சிரித்தான். வாங்கவில்லை.

லெட்டர் போட்டுச் சரிசெய்துவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்பான் என்றுதான் கேட்டேன்.

"போடு" என்றான்.

நான் போடவில்லை. மகளுக்கு என்ன பதில் சொல்வது என்று ஒரு மாதம் தள்ளினேன், மாதம் வருடமானது. அவன் இன்னொரு முறை கேட்கவே இல்லை. தினமும் டீ குடிக்கும்போது, "பொண்ணு எப்படிப் படிக்குது?" என்று மட்டும் கேட்பான். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

காரியம் முடிந்த அன்று அவன் மனைவி ஒரு சிறு தோல்துண்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அதே சிவப்பு. "இதை உங்ககிட்ட குடுக்கணும்னு பீரோல வெச்சிருந்தாருண்ணா. குடுக்கச் சொன்னா, அப்புறம் பாத்துக்கலாம்பாரு." திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை.

அன்றே மகளை உட்காரவைத்து நடந்ததைச் சொன்னேன். அவள் போனிலிருந்து அந்தப் படத்தை எடுத்துவிட்டு உள்ளே போனாள். மறுநாள் கடிதத்தை நல்ல இங்கிலீஷில் அவளே எழுதிக் கொடுத்தாள். கையெழுத்து மட்டும் நான் போட்டேன். இந்த முறை என் பெயர் இருக்க வேண்டிய இடம்தான். பதில் வரவில்லை. வந்தாலும் அவனுக்கு என்ன?

புட்டி என் அலமாரி மேல் நின்றுகொண்டிருக்கிறது. குளிர்ந்த இடத்தில் படுக்கப்போட வேண்டும் என்று அந்த அம்மா சொல்லியிருந்தார். ஆம்பூர் வெயிலில் ஐந்து கோடை நிற்கவைத்ததில் புளித்துக் காடியாகியிருக்கும். அது எனக்குத் தகும். அந்தத் தோல்துண்டின் பின்பக்கத்தில் 'அ. ஏகாம்பரம்' என்று எழுதி வைத்திருக்கிறேன். கையெழுத்து அழகாகத்தான் இருக்கிறது. வடக்குச் சுவரோரம் எடுத்துப்போய் நிழலில் வைத்துப் பார்த்தேன். ஓரத்தில் செங்கல் நிறம் இருக்கிறதா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் ஆள் இல்லை.