சாரா பீவிக்குத் துணை எதற்கு?

சாரா பீவியைப் பற்றி ஊர் பேசிய பேச்சையெல்லாம் மூட்டை கட்டினால் பெரிய கடைவீதி கொள்ளாது. அடுத்த வீட்டுக்காரி, வஹீதா, நான் சொல்கிறேன்: அத்தனையும் வயிற்றெரிச்சல். அதில் என்னுடையதும் கொஞ்சம் உண்டு.

புருஷன் அப்துல் சலாம் ராவுத்தர் மௌத்தானபோது அவளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. பிள்ளை இல்லை. எங்களில் புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் இத்தா இருக்க வேண்டும். வாசல்படி தாண்டக்கூடாது, அந்நிய ஆண்கள் கண்ணில் படக்கூடாது. துணைக்கு வந்த நாத்தனார் ஏதோ சண்டையில் பாதியிலேயே போய்விட்டாள். ஒண்டியாக எப்படித் தள்ளுவாளோ என்று நான்தான் சுவருக்கு மேல் குழம்புக் கிண்ணத்தை நீட்டுவேன்.

முதலில் அழுதாள். நிஜமாகத்தான் அழுதாள். ராவுத்தர் கெட்டவர் இல்லை. தண்ணீர்ச் செம்பு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் "சாரா!" என்று கூப்பிடுகிற ரகம், அவ்வளவுதான். பிறகு ஒரு நாள் என் குழம்பை அவள் வாங்கவில்லை.

"வேணாம் வஹீதா. கருவாடு வறுத்திருக்கேன்."

அவருக்குக் கருவாட்டு வாடை ஆகாது. கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் அதைத் தொட்டதில்லை. அப்புறம் கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டாள். ஓதினாள், தைத்தாள், பசித்தபோது சாப்பிட்டாள். துக்கம் காக்க அடைத்து வைத்த வீட்டிலேயே அவளுக்குச் சந்தோஷம் பிடிபட்டுவிட்டது. இதைச் சொன்னால் பாவம் என்பார்கள். என்றுவிட்டுப் போகட்டும்.

இத்தா முடிந்த அன்று பாலக்கரையிலிருந்து அண்ணன் ஜெகபர் அலி பச்சைச் சேலையோடு வண்டி கட்டிக்கொண்டு வந்தார். அன்றைக்குப் பிறந்த வீட்டுச் சேலை உடுத்துவது எங்கள் தெரு வழக்கம். சாரா குளித்து அதை உடுத்திக்கொண்டு வந்ததும், கிளம்பிவிட்டாள் என்று நினைத்து மனிதர் அண்டாவைத் தூக்கி வண்டியில் ஏற்றிவிட்டார்.

"சீலை நல்லாருக்குண்ணே. அண்டாவை இறக்கி வைங்க."

"என்னம்மா பேசுறே? உங்க மதினி பிள்ளைங்களை வச்சுக்கிட்டுத் திண்டாடுறா. நீ வந்தா அவளுக்கும் ஒத்தாசை."

"ஆங், அதைச் சொல்லுங்க."

அவர் முகம் கறுத்தது. "பொம்பளை தனியா இருந்தா ஊரு என்ன பேசும்?"

"அடைச்சு வச்சப்பவும் தனியாத்தான் இருந்தேன். அப்ப புண்ணியம்னாங்க. கதவைத் திறந்ததும் பாவமாயிருச்சா?"

"நாளைக்கு மௌத்தானா யாரு இருக்கா உனக்கு?"

"சந்தூக்கைத் தூக்க நாலு பேர் வருவாங்க. அதுக்காக இப்பவே நாலு பேரோட குடித்தனம் பண்ணணுமா?"

சுவருக்கு இந்தப் பக்கம் நான் வாயைப் பொத்திக்கொண்டேன். வீடு, கல்யாணத்தின்போது ராவுத்தர் அவளுக்கு மஹராக எழுதிக் கொடுத்தது. யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அண்டா இறங்கியது.

ரவிக்கை தைத்துப் பிழைத்தாள். பெருநாள் நெருங்கினால் தெரு முழுக்க அவள் மிஷின் சத்தம்தான். சாயங்காலம் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு காவிரிக் காற்று வாங்கப் போவாள். யுத்த காலத்தில் அரிசி கார்டுக்காகக் கணக்கெடுக்க வந்தவர் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். "ஒரு ஆள்" என்றாள் கதவுக்குப் பின்னாலிருந்து. "அப்புறம்?" என்றார். "அப்புறமும் ஒரு ஆள்தான்." ஆறு பிள்ளை, மாமியார், புருஷன் என்று இருந்த எனக்கு ஒரு வாய் சோற்றைச் சூடாகத் தின்ன முடிந்ததில்லை. பொறாமைப்படாமல் என்ன செய்வேன்?

யுத்தம் முடிந்த பிறகு ஜெகபர் அலி மறுபடி வந்தார், கையில் படுக்கைச் சுருளோடு. மதினி போய்ச் சேர்ந்துவிட்டாள். மருமகள்களோடு அவருக்கு ஒத்துவரவில்லை. தெருவுக்கே அது தெரியும்.

"தங்கச்சி தனியாக் கெடக்கே, நாம துணைக்கு இருப்போம்னு வந்துட்டேன்" என்றார்.

சாரா பாய் விரித்து நெய்ச்சோறும் கறியும் வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து விசிறினாள். போதும் போதும் என்றவருக்கு இன்னொரு கரண்டி போட்டாள். அவர் கை கழுவி வந்து படுக்கைக் கயிற்றில் கை வைத்தார்.

"அவிழ்க்காதீங்கண்ணே. வண்டிக்குச் சொல்லி அனுப்பியிருக்கேன்."

"கூடப் பொறந்தவனை வெளிய போங்கிறியா?"

"விருந்தாளியா தினம் வாங்க, ஆக்கிப் போடுறேன். துணையா மட்டும் வராதீங்க."