டெல்மா வெட்டிய காட்சி

அமெரிக்காவின் பர்பேங்க் நகரில் எங்கள் டிவி சேனலும் சினிமா ஸ்டூடியோவும் ஒரே மதிலுக்குள் இருக்கின்றன. முதலாளியும் ஒரே கம்பெனிதான். பாதாம் தோட்டத்து ஊரிலிருந்து எங்கள் வம்சத்தின் முதல் பட்டதாரியாக நான் வேலைக்குச் சேர்ந்தபோது, செய்திக் காட்சிகளை வெட்டி ஒட்டும் டெல்மா ப்ரூயிட் பக்கத்து மேசையில் இருந்தார். கணவரை இழந்தவர், முன்கோபக்காரர். ஸ்டூடியோவில் உடை தைக்கும் தோழி கானிதான் அவருக்கு எல்லாம். வியாழன் தவறாமல் இருவரும் பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் ஆடுவார்கள்.

அந்த வருடம் ஸ்டூடியோ தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து பெரிய வாசலில் மறியலுக்கு நின்றார்கள். சண்டையில் சேராத சேனல்காரர்களுக்குப் பின்வாசல் ஒதுக்கப்பட்டது. மறியலைத் தாண்டிப் போனவரோடு இங்கே யாரும் பீர்கூடக் குடிக்கமாட்டார்கள்.

ஒரு திங்கட்கிழமை, பழக்கதோஷத்தில் டெல்மா பெரிய வாசலுக்கே காரைத் திருப்பிவிட்டார். கோரிக்கைத் தட்டியோடு நின்ற கானி குனிந்து பார்த்தார்.

"அடிப்பாவி, நீயா?"

டெல்மா விளக்கம் சொல்வதற்குள் கேட் திறந்துவிட்டது. பின்னால் வண்டிகள். உள்ளே போய்விட்டார்.

மதியச் செய்தியில் எங்கள் சேனலே சொன்னது: 'தொழிலாளர்கள் சிலர் வேலைக்குத் திரும்புகின்றனர்.' திரையில் டெல்மாவின் பச்சைக் கார்.

அவர் செய்தி ஆசிரியர் கிரெக்கிடம் ஓடினார். "அது என் காருங்க! நான் என்ன ஸ்டூடியோ தையல்காரியா? தப்புன்னு சொல்லுங்க."

"ரெண்டு பேருக்கும் சம்பளம் ஒரே கம்பெனிதானே குடுக்குது? அப்ப நீயும் தொழிலாளிதான். என்ன தப்பு?" யாரோ சிரித்தார்கள். "உன் கார் தெரியக் கூடாதுன்னா வெட்டிக்கோ. வாசகத்துல கைய வைக்காத."

டெல்மா தன் மேசைக்குத் திரும்பினார். கார் வரும் காட்சியை வெட்டினார். மாலைச் செய்தியில் வெறும் கேட்டின் மேல் அதே வாசகம் ஓடியது.

மறுநாள் காலை இரண்டு கோப்பைக் காபியோடு பெரிய வாசலில் நின்ற கானியிடம் போனார். துணைக்கு நானும் போனேன்.

"மத்தியானம் பாத்துட்டு, 'அவ தெரியாம வந்திருப்பா'ன்னு இவங்ககிட்ட உனக்காகச் சண்டை போட்டேன்டி," என்றார் கானி. "சாயங்காலம் கார மட்டும் காணோம். யாரு வெட்டினது?"

டெல்மா தலை குனிந்தார்.

"பொய்ய அப்படியே விட்டுட்டு, உன்ன மட்டும் எடுத்துக்கிட்டியா?"

டெல்மா ஒரு கோப்பையை நீட்டினார். கானி காபியை வாங்கவில்லை. தட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு விலகினார்.

"உங்க வாசல் அந்தப் பக்கம் இருக்குங்க, மேடம்."

மதிலை ஒட்டியே நடந்தோம். டெல்மா இரண்டு கோப்பைகளையும் ஏந்தியபடியே வந்தார். பின்வாசல் வரை அவர் நிமிரவே இல்லை.