மதகுச் சாவி

செல்லதுரை மாமாவுக்குக் காது நன்றாகவே கேட்கும். ஊர்தான் அதை நம்பவில்லை. பக்கவாதத்தில் விழுந்து எழுந்த பிறகு எல்லோரும் அவரிடம் கத்திப் பேச ஆரம்பித்தார்கள்.

"என்னய்யா லஸ்கரு, செவிடாப் போயிட்டியா? தண்ணியப் பத்திக் கேட்டா வானத்தப் பாக்குற!" என்பார் பக்கத்து வயல் நாகநாதன். மாமா சிரிப்பார்.

ஒரத்தநாட்டுக்குத் தெற்கே ஒரு வாய்க்கால் தலைப்பில் அவருக்கு லஸ்கர் வேலை. பொறியாளர் போனில் சொல்வதைக் கேட்டு வடிகால் மதகு திறப்பார், வாய்க்காலுக்குள் தண்ணீர் விடும் ஷட்டரை ஏற்றி இறக்குவார். ஷட்டர் சங்கிலியின் சாவி எப்போதும் அரைஞாணில் தொங்கும். முன்பெல்லாம் எத்தனை நீளமான உத்தரவானாலும் ஒருமுறை கேட்டுவிட்டு, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு கரையில் நடையைக் கட்டுவார்.

இப்போது வாக்கியம் நீண்டால் முன்னால் சொன்னது கரைந்துபோகும். கடைசித் துண்டுதான் மிஞ்சும். தஞ்சாவூரில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் அத்தையிடம் சொன்னாராம்: "புத்தி நல்லாத்தாம்மா இருக்கு. கேட்ட வார்த்த உள்ள தங்க மாட்டேங்குது. ஒவ்வொண்ணா சொல்லுங்க."

இதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் உண்டு. மஸ்கட்டில் உட்கார்ந்துகொண்டு அதைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்தேன். ஊருக்குப் போன் போட்டுத் தமிழில் விளக்கினால் ஒவ்வொரு முறையும் 'பேச்சுப் போற வியாதி' என்றுதான் முடிந்தது. அவருக்குப் பேச்சு போகவில்லையே.

விஷயம் ஆபீசுக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று பிரகதாம்பாள் அத்தை போனைத் தன்னிடம் வைத்துக்கொண்டார். "அவரு கரையில நிக்கிறாருங்க, எங்கிட்ட சொல்லுங்க" என்று உத்தரவை வாங்கிக்கொள்வார். பிறகு கூடவே போய், "மதகத் தொறங்க" என்பார். மாமா திறந்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பார். "இப்ப ஷட்டரு." ஏற்றுவார்.

"எதுக்கு அத்தை இந்த ஒளிவு மறைவு? சொல்லிடுங்களேன்" என்றேன்.

"நீ அங்கேருந்து சொல்லிடுவ தம்பி. வீட்ல குந்தவச்சா மனுசன் செத்துருவாரு."

ஐப்பசி அடைமழையில் ஒரு மத்தியானம் ஆட்டுக்கு வயிறு உப்பிவிட்டது. அத்தை அதை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினார். சார்ஜில் கிடந்த போனை மறந்துவிட்டார்.

போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. வெளியே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. மாமா எடுத்துவிட்டார். பேசியது உதவிப் பொறியாளர் வானதி.

"அண்ணே, கீழ வடிகால் மதக முழுசாத் தொறந்து விட்டுட்டு, தண்ணி வடியுதான்னு ஒரு எட்டு பாத்துட்டு, அப்புறமா ஷட்டரத் தூக்குங்க."

"சரிங்க மேடம்." அந்தப் பதில் மட்டும் அவருக்கு ஒருநாளும் தவறியதில்லை.

போய் ஷட்டரைத் தூக்கினார்.

வடிய வழியில்லாத வாய்க்கால் நிரம்பி, நாகநாதன் வயலோரம் கரையைப் பிய்த்துக்கொண்டு பாய்ந்தது. "வடிகாலத் தொறய்யா!" என்று நாகநாதன் அலறிக்கொண்டு வந்தார். அது மாமாவுக்குப் புரிந்தது. ஓடிப்போய்த் திறந்தார். அதற்குள் நட்டு வேர் பிடித்திருந்த சம்பாப் பயிரெல்லாம் மண்ணோடு போய்விட்டது.

மறுநாள் வானதி கரைக்கு வந்தார்.

"நான் மொதல்ல வடிகாலத் தொறக்கச் சொன்னேனா இல்லியா? அதச் செய்யாம எதுக்குண்ணே ஷட்டரத் தூக்குனீங்க?"

"தூக்குனேங்க."

"அதான் ஏன்னு கேக்குறேன்."

மாமா அத்தையின் முகத்தைப் பார்த்தார்.

"ஊத்திக்கிட்டு வந்திருப்பான் மேடம். எம் பயிரு போச்சே!" என்றார் நாகநாதன்.

அத்தைக்கு அது பொறுக்கவில்லை. "அவரு தொட்டதே இல்லண்ணே! காதுல விழுறது அவருக்கு நிக்காது மேடம். வாதம் வந்ததுலேருந்து இப்படித்தான். நாந்தான் மறைச்சேன்."

வானதி உடைந்த கரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேக்கா. துண்டு துண்டாச் சொல்லியிருப்பேனே. இனிமே மேல எழுதாம இருக்க முடியாது."

பிறகு மாமாவின் முன்னால் வந்து நின்று, நிதானமாகச் சொன்னார்.

"அண்ணே, சாவியக் குடுங்க."

மாமா இந்த முறை அத்தையைத் திரும்பிப் பார்க்கவில்லை. வேட்டி மடிப்பை விலக்கினார். அரைஞாணில் மழை ஊறி இறுகியிருந்த முடிச்சு வரவில்லை. அத்தை உதவிக்குக் குனிந்தார். மாமா அவர் கையைத் தட்டிவிட்டு, தானே நகத்தால் நெருடி நெருடி அவிழ்க்க ஆரம்பித்தார்.